ஆளில்லாமல் கிளம்பிய கார்

"தடயம் எங்கே?" என்றார் துப்பறியும் தனகோட்டி.

"பாதி ரோட்டுல கிடக்கு சார். மீதிய ஜனங்க தின்னுக்கிட்டு இருக்காங்க" என்றான் அவருடைய உதவியாளன் அய்யாசாமி.

அவன் சொன்னதில் மிகை இல்லை. நெய்வேலி நகரியத்தில் ஆபீசர்கள் குடியிருக்கும் பிளாக்கில் சரிவான தெரு ஒன்று உண்டு. அது மெயின் ரோட்டில் வந்து சேரும் முனையில், ஒரு கறுப்புக் கார் பலாப்பழக் கடைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றிருந்தது. கடையின் கீற்றுப் பந்தல் காரின் தலையில் கவிழ்ந்திருந்தது. முன்விளக்கு ஒன்று உடைந்து, அந்தப் பள்ளத்தில் ஒரு பலாச்சுளை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நசுங்கிய பழங்களின் வாசனை அடுத்த பிளாக் வரைக்கும் போய் ஆட்களைக் கூட்டி வந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, யாருக்காவது அடிபட்டதா என்று கவலையோடு விசாரித்தபடியே ஆளுக்கொரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள்.

யாருக்கும் அடிபடவில்லை. கடைக்காரி செல்லக்கிளி காடாம்புலியூரிலிருந்து பழம் கொண்டுவந்து விற்பவள். அந்த நேரம் பார்த்து எதிர்ப்புறம் டீ வாங்கப் போயிருந்தாள். கார் சரிவில் உருண்டு வருவதைப் பார்த்தாள். டிரைவர் சீட்டில் ஆளே இல்லை என்பதையும் பார்த்தாள். அதனால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

திட்டுவதற்கென்று ஒரு ஆளை இன்ஜினீயர் துரைராஜ் கண்டுபிடித்து வைத்திருந்தார். கார் அவருக்கு ஆபீஸ் கொடுத்தது. ஆள், அவருடைய டிரைவர் கொளஞ்சியப்பன். காரை ஒழுங்காக நிறுத்தாமல் வீட்டுக்குப் போனது அவன்தான் என்று, அத்தனை ஜனங்கள் நடுவில், அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கொளஞ்சியப்பனுக்கு இது திட்டோடு போகிற விஷயம் இல்லை. பல வருஷம் கான்ட்ராக்டில் ஓட்டிய பிறகு, அவனைப் பெர்மனென்ட் ஆக்கும் உத்தரவு இப்போதுதான் துரைராஜின் மேஜைக்கு வந்திருந்தது. இன்று மத்தியானம் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. போடாவிட்டால், காரை மோதவிட்ட டிரைவர் என்ற பெயரோடு நடையைக் கட்ட வேண்டியதுதான். அதற்குப் பிறகு எந்தக் கான்ட்ராக்டரும் அவனிடம் ஒரு சாவியைக் கொடுக்க மாட்டான்.

அதனால்தான் அவன் மூச்சிரைக்க ஓடிப்போய்க் காந்திமதி வீட்டுக் கதவைத் தட்டினான். காந்திமதி தனகோட்டியின் தங்கை. அவள் புருஷனுக்கு மைன்ஸில் வேலை. சேத்தியாத்தோப்பில் ரைஸ்மில் திருட்டு ஒன்றைக் கண்டுபிடித்து முடித்த கையோடு, ஓய்வெடுக்கிறேன் என்று தனகோட்டி நேற்று மாலைதான் அய்யாசாமியுடன் அங்கே வந்து இறங்கியிருந்தார். துப்பறிகிறவர் ஒருவர் வந்திருக்கிறார் என்பது விளக்கு வைப்பதற்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. தெரியப்படுத்தியவர் தனகோட்டிதான்.

கொளஞ்சியப்பன் கதவைத் தட்டியபோது அந்த வீடே புகையில் மூழ்கியிருந்தது. அய்யாசாமி அப்போதுதான் கண் விழித்து, வீடு பற்றிக்கொண்டதென்று பாயைச் சுருட்டியபடி வாசலுக்கு ஓடி வந்திருந்தான். பற்றிக்கொள்ளவில்லை, அவனுடைய சாருக்கு வெந்நீர் காய்கிறது என்று காந்திமதி சலித்துக்கொண்டாள். சித்திரை வெயில் பல்லைக் காட்டுகிற மாதத்திலும் தனகோட்டிக்கு வெந்நீர்தான். பச்சைத் தண்ணீர் பட்டால் மூளை சுருங்கிவிடும் என்பது அவருடைய கட்சி. விறகு இல்லையென்று அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அண்ணனே ஏதோ ஏற்பாடு செய்துகொண்டாராம். கொடியில் அவருடைய வெள்ளைத் துண்டு பழுப்புக் கறையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அய்யாசாமி அதைப் பார்த்தான், ஆனால் காபி வந்துவிட்டதால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கொளஞ்சியப்பனின் கதையைத் தனகோட்டி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு நயா பைசா வாங்காமல் இந்த வழக்கை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். இப்படியாகத்தான் அவர்கள் இப்போது பலாப்பழக் கடை முன்னால் வந்து நின்றார்கள்.

தனகோட்டி காரை மூன்று பக்கம் சுற்றி வந்தார். நான்காவது பக்கம் பழத்துக்குள் இருந்தது. பிறகு காரின் பின்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, பம்பரைக் கண்ணாடி வழியாகவும் கண்ணாடி இல்லாமலும் பார்த்தார். அவருக்கு மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் எருமைக்கும் எருக்குழிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் இரண்டு விதமாகவும் பார்ப்பது அவர் வழக்கம்.

"அய்யாசாமி, இங்கே வா. வாயில் என்ன?"

"தடயம் சார். ருசி பாத்தேன்."

"இந்தப் பம்பர் முழுவதும் புழுதி. ஓரிடத்தில் மட்டும் இல்லை. அந்த இடத்தில் புதுப் பாலிஷ் தடவியிருக்கிறது. காருக்குப் போடுகிற பாலிஷா, காலுக்குப் போடுகிற பாலிஷா?"

அய்யாசாமி குனிந்து முகர்ந்து பார்த்தான். காலுக்குத்தான் என்றான். தனகோட்டி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, துரைராஜ் நின்ற பக்கம் பார்த்தார். பார்த்தவர் புன்னகை செய்தார். தனகோட்டி புன்னகை செய்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அய்யாசாமிக்குத் தெரியும். அவன் இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டு வசதியாக நின்றான்.

துரைராஜ் நல்ல உயரம், நல்ல நிறம், நல்ல இங்கிலீஷ். மடிப்புக் கலையாத பேண்ட். பளபளக்கும் கறுப்பு ஷூ. வலது ஷூவின் லேஸ் பூ மாதிரி முடிச்சுப் போட்டிருந்தது. இடது ஷூவின் லேஸ் தரையில் புரண்டது.

"இன்ஜினீயர் ஐயா, இன்று காலை கார் நகர்ந்தபோது தாங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று தனகோட்டி விசாரித்தார். விசாரணை என்று வந்துவிட்டால் அவருக்கு மேடைத் தமிழ்தான் வரும்.

வீட்டுக்குள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகத் துரைராஜ் சொன்னார்.

"அப்படியானால் தங்கள் வலது காலும் வீட்டுக்குள்தான் இருந்ததா?"

கூட்டத்தில் சிலர் சுளை தின்பதை நிறுத்தினார்கள்.

"தாங்கள் வாசலுக்கு வந்தீர்கள். வலது காலைக் காரின் பின்பம்பரில் ஏற்றி வைத்து லேஸ் கட்டினீர்கள். பிறகு இடது காலைத் தூக்கினீர்கள். அதை வைப்பதற்குப் பம்பர் அங்கே இல்லை. அது போய்க்கொண்டிருந்தது. அந்தப் பதற்றத்தில் இந்த நேரம் வரைக்கும் இடது லேஸைக் கட்டத் தங்களுக்குத் தோன்றவே இல்லை."

துரைராஜ் தம் இடது காலைப் பார்த்தார். கூட்டம் முழுவதும் அவர் இடது காலைப் பார்த்தது. அவர் மெல்ல அதை வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார், அது ஒன்றும் உதவவில்லை.

கொளஞ்சியப்பன் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாக உயிர் வந்தது. அய்யாசாமிக்கும் பெருமை தாங்கவில்லை. இந்த மனுஷருக்காகச் சேத்தியாத்தோப்பு ரைஸ்மில் தவிட்டுக்குள் கழுத்தளவு உட்கார்ந்திருந்ததுகூட வீண்போகவில்லை என்று தோன்றியது.

ஆனால் துரைராஜ் இன்ஜினீயர். கொஞ்ச நேரத்தில் சமாளித்துக்கொண்டார்.

"சரி, கால வச்சேன். ஒத்துக்கறேன். கால வச்சா ஒரு கார் ஓடிப்போயிடுமா? இந்த வண்டியில ஹேண்ட்பிரேக் சரியா பிடிக்காது. அது எனக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். அதனாலதான் சக்கரத்துக்குக் கீழ கட்டி வைக்கணும்னு சொல்லியிருக்கேன். கட்டி இருந்திருந்தா யானை கால வச்சாக்கூட வண்டி நகராது. எங்கே கட்டி? காட்டச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

கட்டி என்றால் என்ன என்று தனகோட்டி கேட்டார். கேட்டதில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம். கொளஞ்சியப்பன்தான் விளக்கினான். இந்தப் பக்கம் மண்ணைத் தோண்டினால் மணல் வரும், தண்ணீர் வரும், பழுப்பு நிலக்கரி வரும், நல்ல கருங்கல் மட்டும் வராது. அதனால் இங்கே கான்ட்ராக்ட் டிரைவர்கள் சக்கரம் உருளாமல் அண்டை கொடுக்க மைன்ஸிலிருந்து ஒரு பெரிய கரிக்கட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. இந்தக் கரி வெயிலில் காய்ந்தால் பொரிந்து உதிர்ந்துவிடும். எனவே தினமும் சாயங்காலம் செடிக்கு ஊற்றுகிற மாதிரி அதற்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள்.

"நேத்து நான் வச்சிட்டுத்தாங்க போனேன். தண்ணியும் தெளிச்சேன். எம் புள்ளைங்க மேல சத்தியங்க" என்றான் கொளஞ்சியப்பன்.

எல்லோரும் தெருவின் மேற்கோடிக்கு, துரைராஜின் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு நடந்தார்கள். செல்லக்கிளியும் கடையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வந்தாள். கார் நின்ற இடத்தில் கட்டி இல்லை. ஆனால் தரையில் ஒரு தட்டளவுக்கு மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக ஏதோ சிந்தியிருந்தது. தனகோட்டி ஒரு செதிலை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"கட்டி இருந்திருக்கிறது. இவன் பொய் சொல்லவில்லை. யாரோ அதை எடுத்துப் போயிருக்கிறார்கள்."

"யாரு எடுப்பா? இந்த ஊர்ல சின்னப் புள்ளகூட வண்டிக்கு அண்டை குடுத்த கட்டியத் தொடாது" என்றார் துரைராஜ்.

"அதுதான் ஐயா முதல் துப்பு. எடுத்தவன் இந்த ஊர்க்காரன் அல்ல." தனகோட்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவ ஆரம்பித்தார். அவர் உலாவத் தொடங்கினால் அறிவு பெருக்கெடுக்கும். "வெளியூர்க்காரன். அண்மையில் வந்தவன். விருந்தாளியாக இருக்கலாம். குறித்துக்கொள், அய்யாசாமி."

"மனசுல குறிச்சாச்சு சார்."

"தரையைப் பார். சிந்திய செதில்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. தெருவில் எங்கும் இல்லை. ஆகவே அவன் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறான். சட்டையில் கறை படக்கூடாது என்று நினைக்கிற மினுக்கன். வெள்ளை உடுத்துகிறவன்."

அய்யாசாமி சுளையை மென்றுகொண்டே தலையாட்டினான். வெள்ளைத் துணி, பழுப்புக் கறை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"ஈரக் கட்டி கனக்கும். ஆகவே அவன் இருப்பிடம் வெகு தூரத்தில் இல்லை. ஈரக் கரியை எரித்தால் புகை மண்டும். சமையலுக்கு எந்தப் பெண்ணும் அதை அடுப்பில் வைக்க விடமாட்டாள். பிறகு எதற்கு? வெந்நீருக்கு! இந்தச் சித்திரை மாதத்தில் வெந்நீரில் குளிக்கிற ஒரு பிறவி இந்தப் பிளாக்கில் இருக்கிறது!"

அய்யாசாமிக்குச் சுளை தொண்டையில் நின்றது.

கொடியில் தொங்கிய துண்டு அவன் கண் முன்னால் வந்தது. வீடு நிறைந்த புகை வந்தது. அண்ணனே ஏற்பாடு செய்துகொண்டார் என்று காந்திமதி சலித்துக்கொண்டது காதில் ஒலித்தது. அவன் தன் சாரை மேலும் கீழும் பார்த்தான். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. கிட்டே போய் முகர்ந்தான். கரிப்புகை வாசனை.

"சார், ஒரு நிமிஷம் தனியா வாங்க" என்றான்.

"குறுக்கே பேசாதே. இந்த ஆளைப் பற்றி இன்னும் சொல்கிறேன். இவன் மகா சோம்பேறி. விறகு வாங்க அலுப்பு."

"ஆமாம் சார், ஆனா..."

"தன் சுகம் ஒன்றையே பெரிதாக நினைப்பவன்."

"அது எனக்குத் தெரியும் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்? அத்துடன் அவன் ஒரு மடையன். வண்டிச் சக்கரத்துக்கு அடியில் இருக்கிற கட்டியை எடுக்கிறோம் என்கிற பிரக்ஞைகூட இல்லாத அடிமுட்டாள்."

அய்யாசாமி முயற்சியைக் கைவிட்டான். இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தைகளைத் தன் முதலாளியிடம் சொல்ல அவனுக்கு எத்தனையோ தடவை ஆசை வந்ததுண்டு. இன்று முதலாளியே சொல்லிக்கொள்கிறார். தடுப்பதற்கு அவன் யார்?

"கடைசியில சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க சார். மறந்துடப் போறேன்" என்றான்.

"அடிமுட்டாள்" என்றார் தனகோட்டி அழுத்தமாக.

அப்போதுதான் செல்லக்கிளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அவள் முனையில் வண்டியிலிருந்து பழம் இறக்கிக்கொண்டிருந்தாளாம். இந்தத் தெருவிலிருந்து ஒருத்தர் எதையோ வெள்ளைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு போனாராம். தலையில் மப்ளர். முகம் தெரியவில்லை. முதுகைத்தான் பார்த்தாளாம்.

"கைக்குழந்தயத் தூக்கிக்கினு போறாருன்னு நெனச்சிக்கினேங்க. அத்தன பதனமா அணச்சிக்கினு போனாரு. ஆசுபத்திரிக்கின்னு நெனச்சி, மாரியாத்தா காப்பாத்துன்னு வேண்டிக்கினேன்."

அதைக் கேட்டதும் தனகோட்டிக்கு உற்சாகம் கரை புரண்டது. சாட்சியும் கிடைத்துவிட்டது, இனிக் குற்றவாளி தப்ப முடியாது என்றார். வெந்நீர்ப் புகை எந்தக் குளியலறையிலிருந்து வந்தது என்று வீடு வீடாக விசாரித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் அவனைக் காதைப் பிடித்து இழுத்து வருவதாகக் கொளஞ்சியப்பனுக்கு வாக்குக் கொடுத்தார். கொளஞ்சியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தனகோட்டி அவன் தோளில் தட்டிவிட்டு, முகத்தில் பட்ட வெயிலுக்குத் தோளில் கிடந்த மப்ளரை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு, விறுவிறுவென்று சரிவில் இறங்கி நடந்தார். அவருடைய நடை தனி நடை. இடது தோள் முன்னால் போகும், வலது கால் பின்னால் யோசித்துக்கொண்டு வரும்.

செல்லக்கிளி வாயில் கை வைத்தாள்.

"இந்த நடதாங்க" என்றாள்.

தனகோட்டி நின்றார். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். அந்த முதுகு மெல்ல மெல்லக் கூனிப்போவதை அய்யாசாமி பார்த்தான். துப்பறிகிறவர்கள் உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்படுவார்கள். அந்த வரிசையில் தங்களையும் ஒரு ஓரத்தில் நிறுத்திவைக்கத் தோன்றாது. அவருக்கு விடியற்காலை உலா இப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கண்ணுக்குப் பயிற்சி என்று காலை உலாவுக்கு அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வதில்லை. வழியில் ஒரு கறுப்புச் சுவரோரம் நல்ல கரிக்கட்டி ஒன்று அநாதையாகக் கிடந்தது. லாரியிலிருந்து விழுந்தது போலும் என்று எடுத்துக்கொண்டார். அந்தச் சுவருக்குச் சக்கரம் இருந்தது அவர் கண்ணில் படவில்லை.

செல்லக்கிளிக்கே சங்கடமாகிவிட்டது. இருட்டில் பார்த்தது, வேறு ஆளாகவும் இருக்கலாம் என்று இழுத்தாள். துரைராஜும் பெரிய மனது பண்ணினார். இவ்வளவு பெரிய துப்பறிபவர் கரி பொறுக்குவாரா, அந்தப் பெண் உளறுகிறாள் என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய பெரிய மனதுக்குக் காரணம் அய்யாசாமிக்குப் புரிந்தது. கட்டியை எடுத்தவன் அகப்படாவிட்டால், பழி கொளஞ்சியப்பன் தலையில்தான் நிற்கும்.

தனகோட்டி தப்பிப்பதற்கு வழி அகலமாகத் திறந்து கிடந்தது. அய்யாசாமிக்குப் பயமாக இருந்தது. அவனுடைய சாருக்குக் கௌரவம் என்றால் உயிர். கொளஞ்சியப்பன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பிவிடுங்க சார் என்று அய்யாசாமி மனசுக்குள் கெஞ்சினான்.

தனகோட்டி திரும்பினார். தலையிலிருந்த மப்ளரை அவிழ்த்து மடித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அய்யாசாமி, குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அவனைப் பற்றி நான் கடைசியில் என்ன சொன்னேன்?"

"அடிமுட்டாள்னு சொன்னீங்க சார்."

"அதை நான் வாபஸ் வாங்கவில்லை."

அவர் துரைராஜின் எதிரில் வந்து நின்றார். இப்போது மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"கட்டிய எடுத்தது நான்தாங்க. கைய வச்சது நான், கால வச்சது நீங்க. ரெண்டும் செய்யாத ஒரே ஆள் இவன்தான். தண்ணி தெளிச்சு, ஒழுங்கா அண்டை குடுத்துட்டுப் போயிருக்கான். நம்ம ரெண்டு பேரும் பண்ணினதுக்கு இவன் வேலையப் பறிச்சா, எனக்கு இன்னைக்குச் சோறு இறங்காது. உங்களுக்கும் இறங்காது."

துரைராஜ் நிரூபணம் வேண்டும் என்று முணுமுணுத்துப் பார்த்தார். தனகோட்டிக்கு அதில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாம் குற்றவாளியே இல்லை என்று ஒருவர் சொல்வதை, அதுவும் இவ்வளவு அருமையாகத் துப்பறிந்த பிறகு சொல்வதை, அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அய்யாசாமியை ஓடவிட்டுத் துண்டைக் கொண்டுவரச் சொன்னார். துண்டோடு காந்திமதியும் வந்தாள். வந்தவள், அண்ணன் காலையில் கட்டியும் கையுமாக வந்து, இந்த ஊரில் நெருப்பு தரையிலேயே கிடக்கிறது, உங்களுக்குக் குனிந்து எடுக்கத் தெரியவில்லை என்று தனக்கு உபதேசம் செய்ததை, அவர் கேட்காமலே ஊருக்கெல்லாம் சொன்னாள். பாதி எரிந்த கட்டி இன்னும் குளியலறையில் புகைந்துகொண்டிருப்பதாகவும், வேண்டுமானால் யாராவது வந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்றும் சொன்னாள்.

துரைராஜ் குனிந்து, முதலில் இடது லேஸைக் கட்டினார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் மாறியிருந்தது. கொளஞ்சியப்பனைப் பார்த்து, மத்தியானம் ஆபீசுக்கு வா, கையெழுத்துப் போட்டு வைக்கிறேன் என்றார். பிறகு, இத்தனை பேர் எதிரில் உன்னைத் திட்டியிருக்கக் கூடாது என்றும் சொன்னார். அது இங்கிலீஷில் வந்தது, ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. கொளஞ்சியப்பன் தரையில் உட்கார்ந்து, ஈரமாக இருந்த அந்த மண்ணில் கையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். அய்யாசாமிக்கே அவனைக் கேலி செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

செல்லக்கிளிக்கு மட்டும் வழக்கு முடியவில்லை.

"உங்க கையும் காலும் சேந்து எம் பழத்த நசுக்கிப்புட்டுது. அதுக்கு யாருங்க பதிலு?"

பதிலை அவளே சொன்னாள். அன்று முற்பகல் நெய்வேலி கண்ட காட்சியை அதற்குப் பிறகு அந்தப் பிளாக்கில் ரொம்ப நாள் பேசினார்கள். இன்ஜினீயர் துரைராஜும் துப்பறியும் தனகோட்டியும் ரோட்டோரம் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, வெடித்த பழங்களிலிருந்து நல்ல சுளைகளைப் பிரித்து எடுத்தார்கள். செல்லக்கிளி மேற்பார்வை. எண்ணெய் தடவியும் துரைராஜின் கைக்கடிகாரத்தில் பலாப்பால் ஒட்டிக்கொண்டு, முள் ஓடாமல் நின்றுவிட்டது. தனகோட்டி, காம்பு வெட்டுப்பட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் இதை மரத்திலிருந்து வெட்டியவன் இடது கைக்காரன் என்று சொல்ல ஆரம்பித்தார். சுளையைப் பார்த்து எடுங்க என்று செல்லக்கிளி அதட்டியதும் நிறுத்திக்கொண்டார். காலையில் இலவசமாகத் தின்ற ஜனங்கள் இப்போது இந்த இருவரையும் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகவே வாங்கித் தின்றார்கள். கடை அதற்குமுன் அப்படி ஓடியதில்லை.

மத்தியானம் கையெழுத்து விழுந்தது.

ஓய்வு போதும் என்று தனகோட்டி அன்று மாலையே ஊருக்குக் கிளம்பிவிட்டார். வெந்நீர் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று காந்திமதியிடம் சொன்னார். அவள் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொளஞ்சியப்பனே காரில் கொண்டுவந்து விட்டான். ஒரு விளக்கு இல்லாத காருக்குள் பலாப்பழம் கமகமவென்று மணந்தது. வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வந்தான். பெண்டாட்டியைக் குவார்ட்டர்ஸ் பார்க்க அழைத்துப்போனானாம். குழாயைத் திறந்தால் வூட்டுக்குள்ளேயே தண்ணி வருது என்று அவள் அதை மூடவே விடவில்லையாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலும் சற்றுச் சரிவுதான். அவன் காரை நிறுத்திவிட்டு இறங்கினான். பின்சீட்டுக்கு அடியிலிருந்து புதுக் கரிக்கட்டி ஒன்றை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். அதற்குத் தண்ணீரும் தெளித்தான். பிறகு நிமிர்ந்து தனகோட்டியைப் பார்த்தான். தனகோட்டி கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமையான கட்டி" என்றார் அவர்.

"சார்" என்றான் அய்யாசாமி.

ஊருக்குப் போகிற பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தனகோட்டி கையசைத்தார். கொளஞ்சியப்பனும் நன்றியோடு பதிலுக்குக் கையசைத்தான். ஆனால் வழியனுப்பப் பஸ்ஸுக்குக் கிட்டே வரவில்லை. அவன் காரோரம் கரிக்கட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான். பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.